மீன் வண்டியில் ஒரு நாய்: தேவநேரியிலிருந்து செங்கல்பட்டு வரை

காலை மணி 7.10. மாமல்லபுரத்துக்கு மூன்று கிலோமீட்டர் வடக்கே, தேவநேரி குப்பத்தின் முனையில், ஒரு குட்டியானை வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். நம் ஊரில் இதைச் சின்ன லாரி என்போம். இங்கே இதன் பெயரே குட்டியானைதான். எனக்கு முன்னால் ஐஸ் போட்ட எட்டு தெர்மாகோல் பெட்டிகள், உள்ளே சங்கரா மீனும் கவலை மீனும். என் கால்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மீன்கூடை. அதற்குள் என் பழைய போர்வையில் சுற்றப்பட்ட ஒரு நாய்.

செங்கல்பட்டு முப்பத்து மூன்று கிலோமீட்டர். கடல் தாண்டி நம் ஊரில், சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் போகிற தூரம். அந்தத் தூரத்தை நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். அதனால் இதை ஒரு பயணம் என்றே நான் நினைக்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ரொட்டியும் கேக்கும் செய்பவள். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தேன். தேவநேரியில் லட்சுமி அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். நாய் என்னுடையதில்லை. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்து தொங்கும், பெண் நாய். நான்கு மாதமாக மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ளும். நான் கொண்டுவரும் ரொட்டி ஓரங்களைத் தின்னும். தேங்காயும் முட்டையும் சீனியும் போட்டு நாம் கிண்டும் கயாவின் நிறம் என்பதால் மனசுக்குள் கயா என்று கூப்பிடுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் உறவு கிடையாது.

அன்று செவ்வாய்க்கிழமை, எனக்கு விடுமுறை. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் படியில் கயா நின்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதோடு கூட, இங்கே தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பு ஒரு முழம் தொங்கியது. கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன தூண்டிலை மீன் துண்டோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. உட்கார்ந்து, அதன் வாயைத் திறந்து, விரலை விட்டுத் தூண்டில் முள்ளைத் தேடினேன். அது வலியில் தலையை உதறியது. பல் என் வலது கட்டைவிரலின் அடியைக் கீறிவிட்டது. கொஞ்சம் ரத்தம். சமையலறையில் வேலை செய்பவளுக்கு விரலில் ரத்தம் புதிதா? கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நரம்பைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

கீழே இருந்து லட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார்.

"அத்த இழுக்காத. தொண்டயில மாட்டிகினு கீது. மயக்க ஊசி போட்டுதான் எடுக்கணும். செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

சாலைக்கு வந்த ஆட்டோக்காரர் தொள்ளாயிரம் ரூபாய் என்றார், சரி என்றேன். போர்வைக்குள் இருப்பதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பேருந்து நடத்துனர் படியில் நின்றபடியே கையை ஆட்டினார். கடைசியில் லட்சுமி அக்காதான் அடுத்த தெரு ஏழுமலையிடம் பேசினார். அவர் தினமும் கரையிலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றுபவர். முப்பத்தைந்து வயதிருக்கும். லுங்கி, காக்கிச் சட்டை. கூடையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"முன்னால ஏத்த மாட்டேன். பின்னால வச்சிக்கோ. நீ வேணா முன்னால குந்திக்கோக்கா."

நாயைத் தனியே விட முடியாது என்று நானும் பின்னால் ஏறினேன். ஓட்டுநர் அறைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்த சன்னலில் கண்ணாடி இல்லை. அதன் வழியாக அவருடைய பிடரியும், முன்னால் வரும் சாலையும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. தெரியாமல் இருந்திருக்கலாம்.

7.25. மாமல்லபுரம் தாண்டி பக்கிங்காம் கால்வாய்ப் பாலம். பாலத்தில் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. எதிரே செங்கல் லாரி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் இல்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்த உண்மை. ஏழுமலையின் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஒலிப்பானை அழுத்தியபடியே நுழைந்தார். லாரியின் பக்கவாட்டுப் பலகை என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அதில் எழுதியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்க முடிந்தது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மடியில் கீரைக்கட்டு. அவருக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பூஞ்சேரியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதையும் பார்த்துக்கொண்டேதான் தாண்டினோம்.

7.40. குழிப்பாந்தண்டலம் பக்கம் சாலை குறுகி வளைகிறது. இருபுறமும் வயல். முன்னால் ஒரு பேருந்து. வளைவில் அதை முந்தினார். வளைவு முடியும் இடத்தில் தண்ணீர் லாரி ஒன்று எங்களுக்கு நேராக நின்றது. நின்றது என்று எழுதுகிறேன், அது வந்துகொண்டிருந்தது. எனக்கு நின்றதுபோல் தோன்றியது, அவ்வளவுதான். நான் கூடையின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டேன். வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பனைமரத்தை ஒட்டிப் போய், மறுபடி தாருக்கு ஏறியது. மூன்று பெட்டிகளின் மூடி பறந்தது. ஐஸ்கட்டியும் கவலை மீனும் என் முதுகிலும் தலையிலும் கொட்டின. ஒரு மீன் சட்டைக் காலருக்குள் போய்விட்டது.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே! நான் இறங்கிக்கிறேன்!" என்று சன்னல் வழியாகக் கத்தினேன்.

"இன்னாக்கா, ஒண்ணும் ஆவலையே!"

"நிறுத்தப் போறீங்களா இல்லையா?"

திருக்கழுக்குன்றம் ஊருக்குள் நுழையும் இடத்தில், மலை கண்ணுக்கு நேரே வந்ததும், ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்தினார். நான் குதித்து இறங்கினேன். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இப்படி ஒரு ஓட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை, மீன் முக்கியமா மனுசன் முக்கியமா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் கைக்குட்டை அவிழ்ந்து கீழே விழுந்தது.

ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"அது இன்னாக்கா?"

"ஒன்னுமில்ல. பல்லு பட்டிருச்சு."

"இந்த நாயி பல்லா?"

"ஆமா. முள்ளை எடுக்கப் பார்த்தேன்."

அவர் முகம் மாறிய விதத்தை எப்படிச் சொல்வது? லாரியிடமிருந்து தப்பி வந்து இறங்கியபோதுகூடச் சலனம் இல்லாமல் இருந்த முகம் அது. இப்போது உதடு வெளுத்திருந்தது. கூடையைத் திரும்பிப் பார்த்தார். கயாவின் வாயிலிருந்து இன்னும் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, போர்வை முழுக்க ஈரம்.

"எப்ப கட்ச்சிது?"

"கடிக்கல, கீறல்தான். ஆறு மணி இருக்கும்."

"சோப்பு போட்டு கழுவினியா?"

"இல்ல."

அவர் ஓடினார். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு துணி சோப்பு வாங்கிக்கொண்டு வந்தார். டீக்கடைக் குழாயைத் திறந்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியில் வைத்தார். அந்நிய ஆண் ஒருவர் இப்படிக் கையைப் பிடித்து இழுத்ததும் நான் அதிர்ந்துபோய் விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. தன் போனை எடுத்து நேரம் வைத்தார்.

"பதினஞ்சி நிமிசம். கைய எடுக்காத."

"அண்ணே, நாய்க்கு வலிக்குது. நேரமாவுது."

"கைய எடுக்காதன்னு சொல்றேன்ல!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் நுரை போட்டு, கழுவி, மறுபடி நுரை போட்டு நின்றேன். இவருக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். இறங்கி வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் நாயோடு யார் ஏற்றுவார்கள்?

8.15. மறுபடி கிளம்பினோம். அதுவரை நான் பார்த்தது வேகமே இல்லை என்று அப்போது புரிந்தது.

செங்கல்பட்டுக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர். கண்ணில் பட்டதையெல்லாம் முந்தினார். ஒரு கையால் ஓட்டினார், மறு கையைக் கதவுக்கு வெளியே நீட்டி எதிரே வருகிறவர்களை ஒதுங்கச் சொல்லிக் கதவில் அடித்துக்கொண்டே வந்தார். திருமணி என்ற ஊருக்கு அருகே ஒரு வேகத்தடையில் வண்டி நான்கு சக்கரமும் தரையில் இல்லாமல் ஒரு கணம் இருந்தது. நான் மேலே போய்க் கீழே வந்தேன். கயா முனகியது. ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடக்க, அதன் நடுவே பிரேக் போட்டு, திருகி, எதிர்த்திசையில் ஏறிப் போனார். எந்த ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். என் அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். கம்பியிலிருந்து கையை எடுக்கத் துணிவில்லை.

8.40. வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் வெள்ளைக் கட்டடம், சக்கர நாற்காலிகள், கையில் சீட்டோடு நூறு பேர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனிதர்களுக்கானது.

"அண்ணே, இது தப்பான ஆஸ்பத்திரி."

"சரியான ஆஸ்பத்திரிதான். எறங்கு."

"நாய்?"

"நாயி அப்பால. மொதல்ல நீ."

சீட்டு வாங்கும் வரிசையில் என்னோடு நின்றார். அவராகத்தான் பேசினார். என்னைப் பார்க்காமல், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாக்கா. எட்டு வயசு. குட்டி நாயிதான். வெளையாடிகினு இருக்கும்போது பல்லு பட்டுச்சி. உன்து மாரிதான், இத்துனூண்டு. எங்கம்மா சுண்ணாம்பு தடவிச்சி. ஆறிப்போச்சி. எல்லாரும் மறந்துட்டோம். ஒரு மாசம் கழிச்சி ஒரு நாளு, தண்ணி சொம்ப எடுத்துகினு வந்தேன். அத்த பாத்துட்டு அலறினா பாரு..."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"இதே ஆஸ்பத்திரிக்குதான் இட்டாந்தோம். அப்பால வந்து இன்னா பண்றது. கட்ச்ச அன்னிக்கே வந்திருக்கணும்னாரு டாக்டரு."

வெறிநாய்க்கடி என்ற சொல்லை நான் அறியாதவள் இல்லை. ஆனால் அந்தச் சொல்லையும் என் கட்டைவிரலையும் ஒன்றாக வைத்து அதுவரை ஒரு முறைகூட நினைத்ததில்லை. எச்சில் ஒழுகும் ஒரு தெரு நாயின் வாய்க்குள் கையை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரமாக லாரிகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

உள்ளே ஒரு செவிலியர், ஐம்பது வயதுக்காரர், காயத்தைப் பார்த்தார்.

"ரத்தம் வந்துச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமோ நெறையவோ, ஒண்ணுதான். தெரு நாயா, வளர்ப்பு நாயா?"

"படிக்குக் கீழ படுத்துக்கும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தெரு நாய் என்று எழுதினார். இரண்டு தோளிலும் ஊசி. பிறகு காயத்துக்குள்ளேயே மருந்தை இறக்கும் இன்னொரு ஊசி. அடுப்பில் பலமுறை சுட்டுக்கொண்ட கை இது, இருந்தும் அந்த வலிக்கு நான் வாய்விட்டுக் கத்தினேன். இன்று ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். பணம் எதுவும் கேட்கவில்லை.

"நாய எங்கயும் தொரத்தி உட்றாதீங்க. பத்து நாள் பாக்கணும். அது நல்லா இருந்தா உங்களுக்குக் கவல இல்ல. செத்துப்போனாலோ காணாமப் போனாலோ ஒடனே வந்து சொல்லணும்."

10.05. வெளியே வந்தேன். வண்டியைக் காணவில்லை.

வாகனம் நிறுத்தும் இடம் முழுவதும் ஓடிப் பார்த்தேன். காவலாளி சொன்னார், "மீனு வண்டியா? அது போயி ஒரு மணி நேரம் ஆவுதே." லட்சுமி அக்கா கொடுத்திருந்த ஏழுமலையின் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு முறை. அவருடைய நிலையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கூடையை ஏதாவது ஏரிக்கரையில் இறக்கிவைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருப்பேன். தங்கையை இழந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைத்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. செவிலியர் சொன்ன பத்து நாளுக்காகவா, கயாவுக்காகவா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு நம்பிக்கையில் பத்து ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறி, கால்நடை மருத்துவமனை வாசலில் இறங்கினேன். வேப்பமரத்தடியில் குட்டியானை நின்றது. அடியில் ஐஸ் உருகி, மண்ணில் ஓடை போல ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு நீளமான தகர மேசை. அதன் மேல் கயா மயங்கிக் கிடந்தது. ஐஸ் அள்ளுவதற்கு வைத்திருக்கும் தடித்த ரப்பர் கையுறைகளை முழங்கை வரை மாட்டிக்கொண்டு, ஏழுமலை அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தை முழுவதுமாகச் சுவர் பக்கம் திருப்பியிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. லுங்கி மடிப்பில் போன் அடித்தது, மார்க்கெட்டிலிருந்து யாரோ. அவர் எடுக்கவில்லை.

"முடிஞ்சிதாம்மா?" என்று டாக்டரைக் கேட்டார்.

"அப்பவே முடிஞ்சது. நீங்கதான் புடிச்சிகினே கீறீங்க" என்றார் டாக்டர். இளம்பெண். ஒரு கிண்ணத்தில் முள்ளைக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளம், நுனியில் துருப்பிடித்திருந்தது. முனையை வெட்டி வெளியே எடுத்திருந்தார். எச்சில் ஒழுகியதற்கு இந்த முள்ளே காரணமாக இருக்கலாம் என்றார். ஆனால் தடுப்பூசி போடாத நாய், உறுதியாகச் சொல்ல முடியாது. பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கிறதா, சாப்பிடுகிறதா, குணம் மாறுகிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும்.

மேசையில் இருந்த பணியாளர் பதிவேட்டைத் திருப்பினார். "உரிமையாளர் ஏழுமலை, தேவநேரி. உங்க வூட்லதான வச்சிப் பாப்பீங்க?"

"சார், என்து இல்ல சார். பேரு கேட்டீங்க, இவங்க பேரு தெரியல. என் பேர சொல்ட்டேன்."

"அப்ப யாரு நாயி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எனக்குப் பதில் இல்லை.

"என் நாய். என் பெயரை எழுதுங்க."

அவர் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். "நாயி பேரு?"

"கயா."

"காயா? பழமா?"

ஏழுமலை முதல்முறையாகச் சிரித்தார். "பத்து நாள் கழிச்சி சொல்றோம் சார்."

வெளியே வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார். ஐஸ் போயிருந்தது. மார்க்கெட் நேரமும் போயிருந்தது. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "வுடுக்கா. மீனு நாளைக்கும் வரும்" என்றார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

திரும்பும்போது மெதுவாக ஓட்டுவார் என்று நினைத்திருந்தேன். காலையில் என் உயிருக்காகப் பறந்தார், இப்போது அவசரம் எதுவும் இல்லையே. இல்லை. அதே வளைவில் அதே போல இன்னொரு பேருந்தை முந்தினார். இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான் ஓட்டுகிறார்.

கயாவை மொட்டைமாடி நிழலில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கட்டினேன். மூன்று நாள் கஞ்சி குடித்தது. மூன்றாம் நாள் பேருந்தில் போய் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் காலை, தண்ணீர்க் கிண்ணத்தை அருகே தள்ளினேன். கயா அதைப் பார்த்துப் பின்னால் போனது. மறுபடி தள்ளினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு உறுமியது. அதுவரை அது என்னிடம் உறுமியதே இல்லை. பத்து நிமிடம் அந்தக் கிண்ணத்தையே பார்த்தபடி மாடியில் நின்றேன். தோளில் ஊசி போட்ட இடங்கள் வலித்தன. அந்த ஊசிகளை நம்பலாம் என்று மூளை சொன்னது. மனசு கேட்கவில்லை. கால்நடை டாக்டரை அழைத்தேன். தொண்டைப் புண் வீங்கியிருக்கலாம், விழுங்கினால் எரியும், சாயங்காலம் வரை பாருங்கள் என்றார். பிறகு யாரை அழைப்பது என்று தெரியாமல் ஏழுமலையை அழைத்தேன்.

மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். பாதிப் படியில் நின்றுவிட்டார். மாடிக்கு வரவில்லை. அங்கிருந்தே கயாவைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் கூப்பிட்டோம் என்று ஆகிவிட்டது. கீழே இறங்கிப் போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். உள்ளங்கை அளவு ஐஸ்கட்டி ஒன்றைக் கழுவி, ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். இந்த முறை மாடிவரை ஏறினார். தட்டைத் தரையில் வைத்து, துடைப்பக்கட்டையால் கயாவின் பக்கம் தள்ளினார்.

"எரிச்சலா இருந்தா இத்த நக்கும். அது இல்லன்னா..." என்று நிறுத்தினார்.

கயா முகர்ந்து பார்த்தது. மூக்கை இழுத்துக்கொண்டது. மறுபடி முகர்ந்தது. ஒருமுறை நாக்கை நீட்டித் தொட்டது. பிறகு தட்டின் மேல் ஒரு காலைப் போட்டு, கட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டு, நக்க ஆரம்பித்தது. உருகிய தண்ணீரையும் சேர்த்து நக்கியது. தட்டு காலியானது. ஏழுமலை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. நான் உள்ளே போய் டீ போட்டேன், அவசரப்படாமல்.

அதன் பிறகு பத்தாம் நாள் வரை தினமும் காலையில் வண்டிச் சத்தம் கேட்கும். ஒலிப்பான் ஒருமுறை. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையசைப்பேன். அவர் போய்விடுவார். பத்தாம் நாள் கயா கிண்ணம் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, என் செருப்பு ஒன்றைக் கடித்துக் குதறிவைத்திருந்தது. லட்சுமி அக்கா தெரு முழுவதும் அதைச் சொன்னார். டாக்டர் வந்து அதற்குத் தடுப்பூசி போட்டார்.

இருபத்தெட்டாம் நாள் செங்கல்பட்டில் கடைசி ஊசி. செவிலியர் அட்டையை வாங்கி, "நாயி இருக்குதா?" என்று கேட்டு, நான் சிரித்ததைப் பார்த்து முத்திரை குத்தினார். திரும்பும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. நம் ஊர்ச் சாலையைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே கோட்டுக்குள் ஓட்டுவோம், விளக்குக்கு நிற்போம், அடுத்தவர் கையில் கட்டு இருந்தால் பார்த்தும் பார்க்காதது போல் மரியாதையாக இருந்துவிடுவோம். அந்த மரியாதை அன்று எனக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை.

மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. கயாவை அழைத்துப் போவதற்கான தாள்களுக்கு அலையத் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் ஏழுமலை வந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். இப்போதெல்லாம் மாடிக்கு வந்து உட்காருகிறார். கயாவுக்கும் அவருக்கும் நடுவே ஒரு நாற்காலி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பிளேன்ல அத்த எங்க குந்த வெப்பாங்க?"

"குந்த வைக்க மாட்டாங்க. கூண்டுல போட்டு அடியில, சரக்கு ஏத்துற இடத்துல வச்சிருவாங்க."

"கூட நீ இருப்பியா?"

"நான் மேல இருப்பேன். அது தனியாத்தான்."

"எத்தினி மணி நேரம்?"

"நாலு மணி நேரம் ஆகும்."

ஏழுமலை டீ டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலிக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த கயாவைப் பார்த்தார், பிறகு என்னை. லாரிகளுக்கும் வளைவுகளுக்கும் வேகத்தடைகளுக்கும் அசராத அந்த முகத்தில், திருக்கழுக்குன்றத்துக் குழாயடியிலும் பாதிப் படியிலும் பார்த்த பயத்தை மறுபடியும் பார்த்தேன்.

"நாலு மணி நேரமா? இருட்டுலயா? இன்னாக்கா நீ, அது எம்மாம் பயந்துக்கும்! வேற வண்டி எதுவும் இல்லியா?"